பெரிய கோவில் சுவரில் மோதிய தியோடலைட்

காவிரிப் படுகையில் நில அளவைக்காரர் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. எங்கும் வயல், தென்னையும் பனையும் பார்வையை மறைக்கும். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், இந்தச் சமவெளியில் கோவில் கோபுரங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அவரிடம் இருந்தது லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி. கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். எடை ஏறக்குறைய அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அதைப் பெட்டியோடு மேலே இழுத்தார்கள். சுவரில் உரசாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதி உடைந்தது. அடி முழுதும் வட்டத்தை நுட்பமாக நகர்த்தும் திருகிலும் அதன் பிடியிலும் இறங்கியது. அளவு பொறித்த வட்டம் கோணியது, ஆரக்கால்கள் வளைந்தன.

மோதிய விசையைப் பதிய அன்று வழியில்லை. வளைந்த உலோகமே பதிவு. லாம்டன் கருவியைத் திருச்சிராப்பள்ளிப் படைக்கலச் சாலைக்குக் கொண்டுபோனார். தலைமைக் கம்மியர்கள் தவிர யாரையும் கூடாரத்துக்குள் விடாமல், அதை முழுக்கப் பிரித்தார். பெரிய தட்டையான பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி கொண்டு கோணிய வட்டத்தைச் சிறுகச் சிறுக இழுத்து அதில் பொருந்த வைத்தார். ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறைய பழைய வடிவுக்கு வந்தது. இந்திய அளவை வரலாற்றில் இதற்கு ஈடான பொறுமை அரிது.

ஆனாலும் வட்டத்தில் பிழை எங்கே, எவ்வளவு என்ற கேள்வி இருந்தது. லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், வட்டத்தின் தொடக்கப் புள்ளியை மாற்றி மாற்றி ஒரே கோணத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுத்தார். ஓரிடத்துப் பிழை அப்படிப் பரவித் தேய்ந்துவிடும். 1830-களில் கருவி செய்பவரான ஹென்றி பேரோ அதைப் புதுப்பித்தார். அவருக்குப் பின் கருவிப் பொறுப்பை ஏற்றவர் ஆற்காட்டுக்காரரான சையத் மீர் மொஹ்சின் ஹுசேன்.

அதே தஞ்சையில் இன்று விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரி 20 முதல் அங்கே சுகோய்-30 எம்கேஐ விமானப் பிரிவு இயங்குகிறது. தியோடலைட் தற்செயலாக வாங்கியது போன்ற அடியை, விமானக் கருவிகள் இக்காலத்தில் பறப்பதற்கு முன்பே சோதனைக்கூடத்தில் வாங்குகின்றன. கருவியை அதிர்ச்சி மேசையில் இறுகப் பொருத்தி, மேசையை உயரத்திலிருந்து விழவிடுவார்கள். அடியில் உள்ள மெத்தையின் கடினத்தை மாற்றினால் அதிர்ச்சியின் உச்சமும் நேரமும் மாறும். மேசையில் பொருத்திய முடுக்கமானியின் படிகம், அழுத்தத்துக்கேற்ப மின்னேற்றம் தரும். அது ஒரு வளைகோடாகப் பதிவாகும். விமானக் கருவிகளுக்கான டிஓ-160 தரநிலையில் வழக்கமான அதிர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 6 மடங்கு, 11 மில்லிவினாடி. விபத்துப் பாதுகாப்புக்கு 20 மடங்கு. முதல் சோதனையில் கருவி வேலை செய்ய வேண்டும். இரண்டாவதில் அது பழுதாகலாம்; பொருத்திய இடத்திலிருந்து பிய்ந்து வரக் கூடாது.