கோப்பியைக் கொன்றது பங்கசு மட்டுமா?

1869இல் இலங்கை மலைநாட்டுக் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். இருபது ஆண்டுகளில் கோப்பிச் செய்கையே நிலைகுலைந்தது. பழியை அந்தத் தூளுக்குக் காரணமான துருநோய்ப் பங்கசின் தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. 1880இல் ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், நனைந்த இலையில் வித்திகள் முளைப்பதையும் காற்று அவற்றைப் பரப்புவதையும் காட்டினார். இடையில் வேறு மரமே இல்லாத தோட்டங்கள் பங்கசுக்குப் பாதை திறந்தன. மாறாக, யாழ்ப்பாணத்து நல்லூர் வளவில் மா, பலா, வாழை, பனை கலந்தே நிற்கும். ஒன்று நோயில் விழுந்தாலும் மற்றவை சோறு போடும்.

பின்வந்த தேயிலையும் தனிப்பயிர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் இந்தப் பங்கசு தேயிலையைத் தொற்றாது. துரைமார் பயிரை மாற்றினர். வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வெறுங்கையோடு கடல் கடந்து தென்னிந்தியாவுக்குத் திரும்பினர்.