செக் இன்ஜின் விளக்கும் பழைய காரின் ஜாதகமும்

பெங்களூருக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாலு பேர் சேர்ந்த பேச்சிலர் ரூம். அப்புறம் கல்யாணம், மடிவாளா பக்கம் ஒரு வாடகை வீடு, குழந்தை. அடுத்தது ஒரு செகண்ட் ஹேண்ட் கார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ் டிக்கெட்டுக்கு அல்லாடுவதைவிட, விடியற்காலையில் ஓசூர் ரோட்டைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம் என்பது கணக்கு. கணக்கெல்லாம் சரிதான். ஊருக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது பார்த்து டேஷ்போர்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரியும் பாருங்கள், அங்கேதான் இடிக்கும்.

நான் கார் எலெக்ட்ரானிக்ஸ் சம்பந்தப்பட்ட கம்பெனியில் பொட்டி தட்டுகிறவன். அதனால் நண்பர்கள் வட்டத்தில் யார் வண்டியில் இந்த விளக்கு எரிந்தாலும் போன் எனக்குத்தான் வரும். "வண்டி நல்லாத்தான் ஓடுது, விளக்கு மட்டும் எரியுது. ஓட்டலாமா?" நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எந்த வருஷம், எந்த ஊர்ல வாங்கினது?" ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி பேசுகிறேன் என்று சிரிப்பார்கள். ஆனால் இந்த விளக்கின் சரித்திரம் தெரிந்தால், அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருப்பது புரியும்.

விளக்கு பிறந்த கதை

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகை மூடிக்கொண்டது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். உலக யுத்த காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சிலர் பயந்தார்கள். பிறகு 1950 வாக்கில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி விஷயத்தைக் கண்டுபிடித்தார். மனிதர் அதற்கு முன் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். காரிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து சமைத்ததுதான் அந்தப் புகை என்று நிரூபித்தார். எதிரி வெளியூர்க்காரன் இல்லை, வீட்டு வாசலில் நிற்கும் வண்டி!

கலிபோர்னியா 1966-ல் கார் புகைக்கு வரம்பு வைத்தது. அடுத்த வருடமே அதைக் கவனிக்கத் தனி வாரியம் அமைத்தது. அமெரிக்கா முழுமைக்குமான கடுமையான சட்டம் 1970-ல் வந்தது. கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவரால் திருகி இந்த வரம்புகளை எட்ட முடியவில்லை. பெட்ரோலை அளந்து விட கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1967-ல் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை ஃபோக்ஸ்வாகன் காரில் கொண்டுவந்தது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் ஓ2 சென்சார் 1976-ல் வோல்வோ காரில் வந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். புது வண்டி ஷோரூமில் சுத்தமாகத்தான் இருக்கும். அஞ்சு வருடம் கழித்து ஓ2 சென்சார் செத்துப்போனால்? வண்டி ஓடும். பிக்கப் கொஞ்சம் குறையும், மைலேஜ் கொஞ்சம் குறையும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. புகை மட்டும் ஊருக்கு. ஆகவே, தன் மேல் தானே புகார் கொடுக்கும் வண்டி தேவைப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1981-ல் தன் அமெரிக்கக் கார்களில் கம்ப்யூட்டரையும் செக் இன்ஜின் விளக்கையும் சேர்த்தே கொடுத்தது. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரில் ரெண்டு பின்னை ஒரு கம்பியால் இணைத்தால் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், இடைவெளி, ரெண்டு சிமிட்டல் என்றால் கோடு 12. எண்ணிக்கொண்டு புத்தகத்தைப் பார்க்க வேண்டியதுதான். 1988 மாடலிலிருந்து கலிபோர்னியா இந்த விளக்கைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கனெக்டர், ஒரு பாஷை. அந்தக் குழப்பம் 1996-ல் தீர்ந்தது. அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே 16 பின் சாக்கெட், பொதுவான கோடுகள். நாம் இன்று சொல்லும் ஓபிடி-2 அதுதான். ஐரோப்பா 2001-ல் பெட்ரோல் கார்களுக்குத் தன் வழியில் இதைக் கொண்டுவந்தது.

ஆக, இந்த விளக்கு உங்கள் இன்ஜினைக் காப்பாற்றப் பிறந்ததில்லை. ஊர்க்காற்றைக் காப்பாற்றப் பிறந்தது. "வண்டி நல்லாத்தான் ஓடுது, ஏன் எரியுது?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். நன்றாக ஓடும் வண்டியும் கெட்ட புகை விடலாம்.

நம்மூருக்கு வந்த கதை

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நம்மூரில் அம்பாசடரும் பத்மினியும் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜின் மேலும் மறு முனையைக் காதிலும் வைத்து, "மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குது" என்பார். விளக்காவது ஒன்றாவது!

1985-ல் எம்.சி. மேத்தா டெல்லி காற்றுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நான்கிலும் ஈயமில்லாத பெட்ரோலும், புதுக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் வந்தன. ஈயம் கன்வெர்ட்டரையும் ஓ2 சென்சாரையும் கொன்றுவிடும், அதனால்தான் இரண்டும் சேர்ந்தே வந்தன. அந்த நான்கில் பெங்களூர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்று இது ஓய்வு பெற்றவர்கள் குடியேறும் குளுகுளு ஊர்தானே!

2000 ஏப்ரலில் யூரோ 1-க்கு இணையான விதி நாடு முழுக்க வந்தது. அதையொட்டி கார்புரேட்டர் ஒழிந்து எம்பிஎஃப்ஐ பரவியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோ எம்பிஎஃப்ஐயுடனேயே பிறந்தது. மாருதி 800-க்கும் 2000 வாக்கில் அது வந்துவிட்டது. பிஎஸ் 2 பெங்களூருக்கு 2003-லும், பிஎஸ் 3 2005-லும் வந்தன. வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, விளக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த விளக்கு எதையெல்லாம் கவனிக்க வேண்டும், எந்தப் பாஷையில் பேச வேண்டும் என்று அரசாங்கம் இன்னும் சொல்லவில்லை.

அதைச் சொன்ன நாள் 2010 ஏப்ரல் 1. பெங்களூர், சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ் 4. அதோடு இந்திய ஓபிடியின் முதல் கட்டம், அதாவது சென்சார் ஒயர் அறுந்ததா, சர்க்யூட் சரியாக இருக்கிறதா என்ற சோதனை. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் வந்தது. கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா, இன்ஜின் மிஸ்ஸிங் ஆகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் கட்டாயக் கண்காணிப்புக்குள் வந்தன. பிஎஸ் 4-க்கு மாறாத மாருதி 800 அந்த 2010-ல் இந்த 13 நகரங்களில் விற்பனையிலிருந்து விடைபெற்றது. மற்ற ஊர்களில் தொடர்ந்து விற்று, 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது.

ஓசூர் அந்தப் பட்டியலில் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டினால் 2010-ல் வேறு விதி. இந்தப் பக்கம் பிஎஸ் 4, அந்தப் பக்கம் பிஎஸ் 3 போதும். மதுரையிலோ சேலத்திலோ 2011-ல் மாமா வாங்கி, இப்போது உங்களுக்குக் கொடுத்த காரும், அதே வருடம் பெங்களூரில் நண்பர் வாங்கிய காரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கலாம். உள்ளே வேறு வேறாக இருக்க வாய்ப்புண்டு. நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தது 2017 ஏப்ரலில்தான். 2020 ஏப்ரலில் நேராக பிஎஸ் 6.

பெங்களூர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பிடிஎம் பக்கத்து மைக்கோ லேஅவுட்டின் பெயர் எங்கிருந்து வந்தது? 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைக்கோ. ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்ப்பும் செய்த போஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளை அது. 2008-ல் பெயரையே போஷ் என்று மாற்றிக்கொண்டது. ஸ்பார்க் பிளக் செய்த ஊரில் இன்று கார் கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். பக்கத்துத் தெருவில் இருப்பவர் எழுதிய கோடுதான் உங்கள் வண்டியில் விளக்கைப் போடுகிறதோ என்னவோ :-)

ஜாதகப் பலன்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பெங்களூரில் வாங்கிய பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம்.

1. 2000-க்கு முந்திய கார்புரேட்டர் வண்டி: விளக்கும் இல்லை, கோடும் இல்லை. காதும் மூக்கும்தான் ஸ்கேனர்.

2. 2000 முதல் 2010 வரை: விளக்கு உண்டு, பொதுப் பாஷைக்கு உத்தரவாதம் இல்லை. 16 பின் சாக்கெட் இருந்தாலும் ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் குட்டிக் கருவி "கனெக்ட் ஆகவில்லை" என்று சொல்லலாம். கருவியும் வண்டியும் கெட்டுப்போகவில்லை, பாஷைதான் வேறு. அந்தக் கம்பெனி பாஷை தெரிந்த ஸ்கேனர் வேண்டும். ஜப்பானிய வழி வந்த சில வண்டிகளில் பழைய கண் சிமிட்டல் முறை இன்னும் வேலை செய்யும்.

3. 2010 முதல் 2013 வரை: பெரும்பாலும் ஒயர், சென்சார் சர்க்யூட் புகார்கள்.

4. 2013-க்குப் பிறகு: கன்வெர்ட்டர், மிஸ்ஸிங் வரை விளக்கு பேசும். பி0300 என்றால் மிஸ்ஸிங். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு.

இது வெறும் சரித்திரப் பாடம் இல்லை, பணம். என் வண்டி 2007 மாடல். விளக்கு எரிந்தது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். "கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். கன்வெர்ட்டர் கெட்டதை வண்டி தானாகக் கண்டுபிடிக்க, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது ஓ2 சென்சார் வேண்டும். என் 2007 வண்டியில் முன்னால் ஒன்றுதான், பின்னால் இல்லவே இல்லை. இல்லாத சென்சார் எப்படி சார் புகார் கொடுக்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டேன். வில்சன் கார்டனில் ஒரு சின்ன செட். மெக்கானிக் கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். பழைய ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "சென்சார் ஹோகில்ல சார், ஒயரை எலி கடிச்சிருக்கு" என்றார். ஒயரை ஒட்டி, ஸ்லீவ் போட்டு அரை மணி நேரத்தில் கொடுத்தார். அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் வண்டி நிறுத்துகிறவர்கள் முதலில் எலியைச் சந்தேகப்படுங்கள். மழையில் அண்டர்பாஸ் தண்ணீரில் இறங்கி வந்த வண்டி என்றால் கனெக்டரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் "பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கி மூடு, போயிடும்" என்பார். அவர் ஊருக்கு அது சரி. டேங்க்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று வண்டியே சோதிப்பது அங்கே கட்டாயம். நம் விதி ஐரோப்பாவைப் பார்த்து எழுதியது, அதில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே மூடியைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

மற்றபடி: விளக்கு நிலையாக எரிந்தால் பதறாமல் அந்த வாரத்துக்குள் ஸ்கேன் பண்ணுங்கள். விட்டு விட்டு மின்னி, வண்டியும் உதறினால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் எரித்துவிடும், அப்போதுதான் உண்மையிலேயே வாடகைப் பணம் போகும். கோடை அழிக்கும் முன் எழுதி வாங்குங்கள். கோடு என்பது புகார்தான், தீர்ப்பு இல்லை. ஓ2 சென்சார் என்று வந்தால் சென்சாரும் இருக்கலாம், ஒயரும் இருக்கலாம், சைலன்சர் ஓட்டையும் இருக்கலாம்.

"எதுக்கு இந்தத் தொல்லை, விளக்கைக் கழட்டிவிடலாமே" என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு கணக்கு சொல்கிறேன். பொல்யூஷன் சர்டிபிகேட்டுக்கு ஐடிலில் பார்க்கும் கார்பன் மோனாக்சைடு வரம்பு, பிஎஸ் 2-க்கு முந்திய பெட்ரோல் கார்களுக்கு 3 சதவீதம், பிஎஸ் 4 கார்களுக்கு 0.3 சதவீதம். பத்தில் ஒரு பங்கு. அந்த வித்தியாசத்தைக் கட்டிக் காப்பது ஒரு சென்சாரும் ஒரு கன்வெர்ட்டரும் இந்த விளக்கும்தான். சில்க் போர்டு சிக்னலில் நம் வண்டிக்குப் பின்னால் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிய ஆட்டோ நிற்கிறது. அதில் நம் பிள்ளையும் இருக்கலாம்.

கொசுறு: செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால், சாவியை ஆன் செய்து ஸ்டார்ட் பண்ணாமல் நிறுத்துங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.