கொம்பனித்தெருவைத் தொகுப்பது எப்படி? ஆப்பிரிக்கத் திரைப்படத் தொகுப்பும் நினைவின் இடைவெளியும்

கொழும்பின் கொம்பனித்தெருவின் கடந்தகாலத்தைப் படமாக்க முனைபவருக்கு முதற் சிக்கல், காட்டுவதற்கு எஞ்சியது மிகக் குறைவு என்பதே. பேரை வாவியை ஒட்டிய இந்நிலத்தில் ஒல்லாந்தர் தம் அடிமைகளைத் தங்கவைத்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். அவர்களைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் எசமானர்கள் எழுதிவைத்தவற்றின் வழியாகத்தான். பின்னர் மலாய்ப் படையினர் வந்தனர். அவர்கள் பணியாற்றிய இலங்கை ரைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டது. 1965இல் திறக்கப்பட்ட, தமிழ்க் குடும்பமொன்றுக்குச் சொந்தமான ரியோ திரையரங்க வளாகம் 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரியூட்டப்பட்டது. 2010இல் மியூஸ் வீதியில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன.

இவற்றைக் கால வரிசையில் அடுக்கும் ஆவணப்படம், தான் விரும்பாமலே, ஒரு வாதத்தை முன்வைத்துவிடுகிறது. ஒவ்வொரு இழப்பும் அடுத்த கட்டத்துக்கான படியாகிறது. கடைசிச் சட்டகத்தில் அடுக்குமாடிக் கோபுரம் வரலாற்றின் இயல்பான முடிவாக நிற்கிறது. இதற்கு மாற்றான தொகுப்பு முறையை ஆப்பிரிக்க இயக்குநர்கள் நமக்கு முன்பே கண்டடைந்திருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1982இல் உருவாக்கிய ‘லா ஸெர்தா’ என்ற படம் இதற்கு மிக வலுவான சான்று. 1912 முதல் 1942 வரை மக்ரெப் நாடுகளில் பிரெஞ்சுக்காரர் எடுத்த செய்திப்பட நறுக்குகளே அதன் மூலப்பொருள். அணிவகுப்பு, விருந்து, சந்தை, முக்காடிட்ட பெண்கள் என எல்லாம் ஆள்பவரின் கண் பார்த்தவை. கவிஞர் மாலெக் அல்லூலாவுடன் சேர்ந்து ஜெபார் அந்தப் படிமங்களின்மேல் வேறு குரல்களை ஏற்றினார். முணுமுணுப்பும் பாட்டும் புலம்பலும் படிமத்தை விளக்குவதில்லை, அதனோடு மோதுகின்றன. ஆள்வோரின் கமெரா சட்டகத்துக்கு வெளியே எவரை விட்டதோ அவர்கள் ஒலியாக உள்ளே நுழைகிறார்கள். இல்லாத ஆவணத்தைப் புனைந்து இட்டு நிரப்பாமல், இருக்கும் ஆவணத்தையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லவைக்கும் இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

செனகலின் ஜிப்ரில் டியோப் மம்பெட்டியின் வழி வேறு. ‘தூக்கி பூக்கி’யில் (1973) மாடறுக்கும் கொட்டிலும், கொம்பு பொருத்திய மோட்டார் சைக்கிளும், பாரிஸைப் போற்றும் ஜோசபின் பேக்கரின் பாட்டும் காரணத் தொடர்பின்றித் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு வருகையிலும் பாரிஸுக்குப் போகும் கனவின் விலை கூடித் தெரிகிறது. எத்தியோப்பிய இயக்குநர் ஹைலே கெரிமாவின் ‘சங்கோஃபா’ (1993) கானாவின் கோட்டையொன்றில் நிற்கும் இன்றைய பெண்ணை அடிமைத் தோட்டத்துக்குள் தள்ளுகிறது. அதன் ஆற்றலை மறுக்கமுடியாது. ஆனால் அங்கே கடந்தகாலம் முழுமையாக மீட்டெடுக்கப்பட்டுவிடுகிறது. கொம்பனித்தெருவுக்கு அத்தகைய முழுமை பொய்யாகவே அமையும்.

ஆகவே ஜெபாரின் வழியே இங்கு பொருந்தும் என்பேன். ரியோ வளாகத்தின் சிதைந்த விடுதித் தளங்களில் 2015இல் கொழும்புஸ்கோப் கலைவிழா நடந்தபோது, எரிந்த கட்டடம் தானே ஓர் ஆவணமாக நின்றது. அந்தச் சுவர்களின் காட்சிமேல் 1983ஐ விளக்கும் வர்ணனை தேவையில்லை. புத்தளம் சிரம்பியடியில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் பாடும் மஞ்ஞா பாட்டின் தாளத்தை அதன்மேல் ஏற்றினால், ஒரே நிலத்தில் நேர்ந்த அடிமைத்தனம், 1983 ஆகிய இரு வன்முறைகளும் ஒன்றையொன்று விசாரிக்கத் தொடங்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. அடிமைத்தனமும் இனக்கலவரமும் குடியெழுப்பலும் ஒன்றல்ல. வெவ்வேறு கைகள் செய்தவை, வெவ்வேறு மக்கள் பட்டவை. வெட்டி ஒட்டுகையில் அவை ஒரே பொதுத் துயரமாகக் கரைந்தால், செய்தவர் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லாமல் போகும். ஜெபார் இதைத் தவிர்த்தது, தன் நறுக்குகள் எவரின் கமெராவிலிருந்து வந்தவை என்பதைப் பார்வையாளர் மறக்க இடங்கொடாததால். கொம்பனித்தெருவைத் தொகுப்பவரும் ஒல்லாந்தரின் வரைபடம், அரசின் செய்திப்படம், கட்டுமான நிறுவனத்தின் விளம்பரம் ஆகிய ஒவ்வொன்றையும் அதை ஆக்கியவரின் பெயரோடும் ஆண்டோடும் திரையில் நிறுத்திய பிறகே அடுத்ததற்கு வெட்டவேண்டும்.