சேதுக்கரையில் கிறித்தவ அன்பும் பிற சமயத்தாரும்

சபைக்கு வெளியே இருப்பவர்களைத் தீர்ப்பிடுவது கிறித்தவரின் வேலையன்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 5ஆம் அதிகாரம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கண்டிப்பு சபைக்கு உள்ளே இருப்பவர்களோடு நின்றுவிடுகிறது. நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியவனோ வேற்று வழிபாட்டினன். இந்தப் போதனை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைச் சேதுபதிச் சீமையின் வரலாற்றில் காணலாம்.

1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கொடிய வதைக்கு உள்ளான கிறித்தவக் குரு அருளானந்தர், அச்சீமையின் மன்னர் கிழவன் சேதுபதியால் விடுவிக்கப்பட்டார். ஐரோப்பா போய்வந்த பிறகும் தம்மை வதைத்த அதே சீமைக்குத் திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுண்டு இறந்தார். வெட்ட வந்தவரை அவர் தழுவிக்கொண்டார் என்பது வழிவழிச் செய்தி. ஓரியூரின் செம்மண்ணை இன்று இந்துக்களும் பக்தியோடு எடுத்துச் செல்கின்றனர்.

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த சுவார்ட்ஸ் ஐயரின் வழி வேறு. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த இந்த ஜெர்மானிய மிஷனரி தமிழை ஆழக் கற்றவர். ஐதர் அலியின் படையெடுப்பால் பஞ்சம் வந்தபோது தஞ்சையில் அரிசி வாங்கிவைத்துப் பசித்தவர்களுக்கு ஊட்டினார். அந்த ஐதர் அலியே அவர் தடையின்றிப் போய்வரலாம் என்று உத்தரவிட்டிருந்தார். தஞ்சை மன்னர் துளஜா இறக்கும் தறுவாயில் இளவரசர் சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டார். வளர்ந்து மன்னரான சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். இருந்தும் 1798இல் மறைந்த சுவார்ட்ஸுக்குத் தஞ்சைத் தேவாலயத்தில் பளிங்குச் சிற்பம் எழுப்பியவர் அவர்தான். மதம் மாறாத ஒரு மாணவரின் இந்த நன்றியைவிட அந்தக் குருவின் அன்புக்கு வலுவான சான்று தேடுவது அரிது.

1785இல் இராமநாதபுரத்தில் அவர் முயற்சியால் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்களில் பிராமணர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள் மிகுதி. வஞ்சக வழியில் எவரையும் மதம் மாற்றுவதில்லை என்ற உறுதி அப்பள்ளித் திட்டத்திலேயே இருந்தது. சுவார்ட்ஸுக்குத் தம் சமயத்தில் தளர்ச்சி ஏதும் இல்லை. எல்லாரும் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்றே விரும்பினார். ஆனால் அந்த விருப்பத்தைக் கல்விக்கு விலையாக வைக்கவில்லை. முக்கியமானது இதுதான்.

அப்பள்ளியில் 1940களில் படித்தவர் இராமேசுவரத்து முஸ்லிம் மாணவர் அப்துல் கலாம். அவரிடம் தன்னம்பிக்கையை விதைத்த ஆசிரியர் அய்யாத்துரை சாலமோன் பின்னாளில் குருவானவர். ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்று ஆற்றல்களை அவர் கற்பித்ததைக் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு நினைவுகூர்கிறார். அவர்கள் உறவு ஆசிரியர், மாணவர் என்ற அளவைக் கடந்தது; மாணவர் இஸ்லாமியராகவே இருந்தார்.

கலாமின் இளமை நினைவுகளில் இன்னொரு பாதிரியாரும் வருகிறார். இராமேசுவரத்தில் தேவாலயம் கட்டிய போடல் அடிகளார், பட்சி இலட்சுமண சாஸ்திரிகளுடனும் கலாமின் தந்தை ஜைனுலாபுதீனுடனும் அமர்ந்து ஊர்ச் சிக்கல்களைப் பேசித் தீர்ப்பார். கோயில் குருக்கள், பள்ளிவாசல் இமாம், பங்குத்தந்தை மூவரும் அவரவர் கோலத்திலேயே ஒரே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.