டென்மார்க் வரலாற்று நூல்களில் அரசவைச் சூழ்ச்சி

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டென்மார்க்கின் வரலாற்றாசிரியர்கள் அரசவைச் சூழ்ச்சிகளை எழுதிய விதம், அவர்கள் யாரை அண்டி வாழ்ந்தார்கள் என்பதைப் பெரிதும் சார்ந்திருந்தது. அவர்கள் விடாமல் எடுத்தாண்ட பொருள், இரண்டாம் கிறிஸ்டியனின் ஆட்சி (1513–1523).

அம்மன்னரின் காதலி டூவெகெ 1517இல் திடீரென இறந்தார். கோபன்ஹேகன் கோட்டைத் தலைவர் டோர்பன் ஒக்ஸே நஞ்சு வைத்தார் என்று பேச்சு எழுந்தது. செர்ரிப் பழத்தில் வைத்தார் என்று கதை வளர்ந்தது. பிரபுக்களின் ஆட்சி மன்றம் ஒக்ஸேயைக் குற்றமற்றவர் என்றது. மன்னர் விடவில்லை, குடியானவர்களைக் கூட்டித் தமக்கு வேண்டிய தீர்ப்பைப் பெற்று, அவ்வாண்டே ஒக்ஸேயின் தலையை வெட்டச் செய்தார். டூவெகெயின் தாய் சிக்பிரிட், நெதர்லாந்திலிருந்து வந்த வணிகப் பெண், அரசின் வருவாயை மேற்பார்க்கும் அளவுக்கு உயர்ந்தார்.

1523இல் பிரபுக்கள் கிறிஸ்டியனை விரட்டி அவருடைய சித்தப்பாவை அரியணையில் ஏற்றினர். அந்தச் சித்தப்பாவின் வழியினர் ஆண்ட காலத்தில்தான் அரசவை வரலாற்றாசிரியர் ஹான்ஸ் ஸ்வானிங் (1503–1584) இரண்டாம் கிறிஸ்டியனின் வரலாற்றை லத்தீனில் எழுதினார். அவர் கிறிஸ்டியனைக் கொடுங்கோலராகக் காட்டியதில் வியப்பில்லை. அந்நூல் 1658இல்தான் அச்சேறியது.

ஆரில்ட் ஹுவிட்ஃபெல்ட் (1546–1609) வெறும் எழுத்தர் அல்லர். நாட்டின் சான்சலர், ஆட்சி மன்ற உறுப்பினர். 1595 முதல் 1604 வரை டேனிஷ் மொழியில் அவர் வெளியிட்ட வரலாற்று வரிசை, கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் அப்படியே படியெடுத்துத் தருகிறது. அதன் மதிப்பு அங்கேதான். முன்னுரைகள் இளம் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அறிவுரை கூறுபவை: மன்றத்தைப் புறக்கணித்தவர் கதியைப் பாருங்கள் என்பதே சாரம். ஆகவே இத்தகைய நூல்களில் சிக்பிரிட் மீது விழுந்த பழியில் பாதி, பிரபுக்கள் அமர வேண்டிய இடத்தில் ஒரு வணிகப் பெண் அமர்ந்ததற்கானது என்றே கொள்ள வேண்டும்.

1660இல் முழு முடியாட்சி வந்து ஆட்சி மன்றம் ஒழிந்தது. அந்த முடியாட்சியின் கீழ் லுட்விக் ஹோல்பெர் 1732–1735இல் மூன்று தொகுதிகளாக எழுதிய நாட்டு வரலாறு, மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் இறந்த 1670உடன் நின்றுவிடுகிறது. அண்மைக்காலச் சூழ்ச்சிகளை உள்ளிருந்து எழுதியவர், நான்காம் கிறிஸ்டியனின் மகள் லெயனோரா கிறிஸ்டினா. கணவர் செய்த துரோகத்தால் 1663 முதல் 1685 வரை நீலக் கோபுரத்தில் அடைபட்டிருந்த அவருடைய சிறைக் குறிப்புகள், அவர் இறந்து 171 ஆண்டுகளுக்குப் பின், 1869இல் அச்சாயின.