டேக் – டுக் – டேக்கன்

கல்முனையிலிருந்து கிட்டங்கியைக் கடந்து வந்தால் சவளக்கடை. இங்கே பின்னேரங்களில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். "டேக் – டுக் – டேக்கன்" என்று பிள்ளைகள் இராகம் போட்டுச் சொல்லும் சத்தம் றோட்டுவரை கேட்கும். அவர்களுடைய வாப்பாமாரும் இப்படித்தான் பாடமாக்கினார்கள்.

கல்முனையில் மெதடிஸ்த மிஷன் 1883இல் உவெஸ்லி பாடசாலையைத் தொடங்கியது. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளை மார்க்கம் மாறிவிடும் என்று முஸ்லிம் குடும்பங்கள் பயந்த காலம் அது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெவ்வை அந்தப் பயத்தோடுதான் மல்லுக்கட்டினார். ஆனாலும் கல்முனையில் ஸாஹிறா என்ற முஸ்லிம் பாடசாலை உருவாக 1949 ஆனது. அதற்குள் 1945இல் இலவசக் கல்வி வந்துவிட்டது. பிறகு தாய்மொழியிலேயே எல்லாப் பாடமும். அது நல்ல காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்ததும் கந்தோரில் இங்கிலீஷின் கதிரையும் ஆடியது. பள்ளிக்கூடத்தில் அதற்குக் கிடைத்தது ஒரு பாடவேளை. அந்த நேரத்துக்குள் அடங்கியது வினைச்சொல் வாய்ப்பாடு மட்டும்தான்.

வாய்ப்பாடு சொல்லித் தராதது நிறைய. படம் எடுப்பதற்கு டேக் சரி. நம் தமிழும் அதுவே. குளிசை போடுவதற்கும் டேக், பஸ்ஸில் போவதற்கும் டேக். இதைக் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். வில்லங்கம் கோலில்தான். நாம் ஒருவருக்குக் 'கோல் எடுக்கிறோம்', சிங்களவரும் அப்படித்தான். அதையே இங்கிலீஷில் சொன்னால் கொழும்பில் விளங்கும், லண்டனில் விளங்காது. அங்கே டேக் எ கோல் என்றால் வந்த கோலுக்குப் பதில் பேசுவது. சீனர் போனை 'அடிக்கிறார்கள்'. அவர்களுக்கும் இதே இடத்தில் கால் இடறும்.

எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்தக் கரையால் வளைகுடாவுக்குப் போனவர்கள் வாய்ப்பாட்டை நம்பிப் போகவில்லை. கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக் என்று வேலைத்தலத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். இறந்தகாலம் பிழைக்கும், வினை பிழைக்காது. என் கணக்கில் அதுதான் நல்ல படிப்பு.

சோதனைக்கு வாய்ப்பாடு வேண்டும், படிக்கட்டும். ஆனால் பெற்றோரே, கொப்பியில் வினையைத் தனியாக எழுத விடாதீர்கள். டேக் எ பஸ், டேக் எ டேப்லட், கிவ் எ கோல் என்று கூட வரும் சொல்லோடு எழுதச் சொல்லுங்கள்.