தொலைபேசி ஓயாததால் பிறந்த வகுப்பு

சியாட்டலும் டகோமாவும் அடங்கிய கிங், பியர்ஸ் கவுண்டிகளுக்கு 1970களின் தொடக்கத்தில் தோட்டக்கலை விரிவாக்க அலுவலராக இருந்தவர் டேவிட் கிப்பி. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆள். அவர் அலுவலகத்தில் தொலைபேசி ஓயாது. ரோஜா இலையில் கரும்புள்ளி, புல்தரையில் பாசி, தக்காளி ஏன் பழுக்கவில்லை... கேட்டவர்கள் விவசாயிகள் இல்லை, கொல்லையில் நாலு செடி வைத்திருந்த வீட்டுக்காரர்கள். ஒற்றை ஆள் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியும்?

அப்படிக் கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது 1914இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம். பல்கலைக்கழக ஆய்வு ஊர்மக்களிடம் போய்ச் சேரவேண்டும் என்றது அது. சட்டம் பிந்தித்தான் வந்தது. வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது. 1906இல் அலபாமாவின் டஸ்கீகீ கல்விக்கூடத்திலிருந்து, அங்கே வேளாண்மை கற்பித்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் ஏற்பாட்டில் ஒரு வண்டி கிளம்பியது. பள்ளிக்கு வர வசதியில்லாத கறுப்பின உழவர்களிடம் கலப்பையும் விதையும் பால் கடையும் கருவியும் ஏற்றிக்கொண்டு பள்ளியே போனது. 1910இல் தென் கரோலைனாவின் எய்க்கன் பகுதியில் மரீ க்ரோமர் என்ற ஆசிரியை சிறுமிகளுக்குத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் பத்து சென்ட். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்றுக் காசு பார்த்தார்கள். பத்து சென்ட்டில் ஒரு பெண்பிள்ளை தன் பெயரில் வருமானம் பார்ப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? தோட்ட வகுப்புகளின் வரலாற்றில் இந்த இரண்டுக்கும் நான் முதலிடம் கொடுப்பேன்.

கிப்பிக்கு வருவோம். அவரும் சக அலுவலர் பில் ஷீரும் யோசித்த வழி இது: ஆர்வமுள்ளவர்களுக்கு நாமே பாடம் நடத்துவோம், கட்டணத்துக்குப் பதிலாக அவர்கள் இத்தனை மணிநேரம் ஊராருக்குப் பதில் சொல்லட்டும். பல்கலைக்கழக நிபுணர்கள் நம்பவில்லை. தன்னார்வலர்களாவது, நோய் கண்டுபிடிப்பதாவது! 1972இல் டகோமா மாலில் சோதனையாக ஒரு மேசை போட்டு, நிபுணர்களையே உட்காரவைத்தார்கள். வந்து குவிந்த கூட்டத்தைப் பார்த்ததும் எதிர்ப்பு அடங்கியது. 1973இல் முதல் வகுப்பு. 'மாஸ்டர் கார்டனர்' என்ற அந்தத் திட்டம் இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் கனடாவிலும் இருக்கிறது.

எங்கள் ஊர் நூலகத்தில் அப்படிப் பயிற்சி பெற்ற ஓர் அம்மாள் வகுப்பெடுக்கிறார். முதல் நாள் முழுக்க மண்தான். செடி என்ற பேச்சே இல்லை. மண்ணை ஈரமாக்கிக் கையில் உருட்டி, விரலால் நாடாவாகத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நாடா நீண்டால் களி, உதிர்ந்தால் மணல். விதைக்கும் முன் மண்ணைப் பிடித்துப் பார்க்கும் எங்கள் தாத்தா இதற்கு வகுப்பா என்று சிரித்திருப்பார்.

அவர்களுக்கு ஒரு விதி உண்டு: ஆய்வில் நிரூபணமானதை மட்டுமே சொல்லலாம். பூச்செடிக்குத் தேங்காய்ப்பாலும் மோரும் கலந்த தேமோர்க் கரைசல் தெளிக்கலாமா என்று என் மாமியாருக்காகக் கேட்டேன். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை; தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். "இதுகூடத் தெரியாதவளா உங்க வாத்தியார்?" என்றார் அத்தை. எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருந்தது.

கறிவேப்பிலை விஷயத்தில் மட்டும் அவர் தயங்கவில்லை. அது எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் சின்னஞ்சிறு பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டையிடும். ஆகவே அந்தப் பூச்சி பரவியுள்ள ஃப்ளோரிடாவில் இருக்கும் உறவினர் வீட்டிலிருந்து கன்று கொண்டுவரச் சட்டம் இடம் தராது. பெட்டியில் துணிக்கு நடுவே கன்றைச் சுருட்டி வரும் எங்கள் ஆட்களுக்கு இதைத் தமிழில் சொல்ல யாராவது வேண்டும் என்று என்னைப் பார்த்தார். அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.